முப்பத்தெட்டு ஜோடிச் செருப்பு

கூடாரக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. சாம்பல் நிறத் துணி மூட்டை ஒன்றை வேனில் போட்டுக்கொண்டு வருவார். பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் அதை விரித்து, காற்றடிக்கிற மோட்டாரைத் துணிக்குழாயில் மாட்டி ஓடவிடுவார். படுத்த மாடு எழுந்திருக்கிற மாதிரி அந்தத் துணி இந்தப் பக்கம் புடைத்து, அந்தப் பக்கம் புடைத்து, பத்து நிமிஷத்தில் கவிழ்த்துவைத்த பெரிய சட்டியாக நிற்கும். உள்ளே போக, துணியாலேயே ஒரு சுரங்கம். தவழ்ந்துதான் போகவேண்டும். உள்ளே கும்மிருட்டு. நடுவில் பொடிப்பொடியாகத் துளைபோட்ட உருளை, அதற்குள் ஒரு சின்ன பல்பு. பல்பைப் போட்டால் தலைக்குமேல் வானம்.

அந்த வானம் மூன்று வருஷமாக அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. இது அவரைத் தவிர வேறு ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்துவிடுமோ என்கிற பயத்திலேயே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

அவர் அம்மா வழியில் இந்தக் கண் உண்டு. அம்மாவோடு பிறந்தவர்கள் மூன்று பெண், ஒரே ஒரு ஆண். அந்த ஒற்றைத் தாய்மாமனை வீட்டில் எல்லோரும் 'ஆறு மணி மாமா' என்பார்கள். பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. ஐந்தரைக்கே சோறு போட்டு, கை கழுவவைத்து, ஆறு மணிக்குச் சுவரோரம் உட்காரவைத்துவிடுவார்கள். அவருக்கு முந்தி, அம்மாவைப் பெற்றவளின் அண்ணனுக்கும் இதே கதிதான். பெண்களுக்கு ஒன்றும் செய்யாது. அவர்கள் வயிற்றில் பிறக்கிற ஆண்பிள்ளைகளில் யாராவது ஒருத்தனைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். மாமா பகலில் நல்ல தையல்காரர். விஷயம் வெளியே தெரிந்ததும், "கண்ணு தெரியாதவன்கிட்டயா துணி குடுக்கறது?" என்று பட்டப்பகலில்கூட ஒருத்தரும் துணி கொண்டுவரவில்லை. விசேஷ வீடுகளில் "மாமா, உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டிவிட்டு, உட்காரப் போகும்போது இழுத்துவிடுவார்கள். அப்படிச் சிரித்த பிள்ளைகள் கூட்டத்தில் இவரும் இருந்தார். ஒருமுறை நாற்காலியை இழுத்ததே இவர்தான்.

இவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். அறிவியல் மையத்தில் சாமான் அறைக்குக் காவல் என்று சேர்ந்தார். வானத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல முதலில் ஒரு படித்த அம்மாள் இருந்தாள். ஆறு வருஷம் அவள் பேச, இவர் பக்கத்தில் உட்கார்ந்து உருளையைத் திருப்பினார். அவளுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துப் போனபோது, முக்கால் மணி நேரப் பேச்சும் இவர் வாயில் அப்படியே இருந்தது. "நீங்களே பேசிடுங்களேன்" என்றார் மைய அதிகாரி. பேசினார். அந்த அம்மாள் பேசினால் பிள்ளைகள் கேட்டார்கள். இவர் பேசினால் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

கண் போனது தெரியவந்ததும் கூடாரத்துக்குள்தான். ஒருநாள் பல்பைப் போட்டார். மேலே ஒன்றும் இல்லை. பல்பு போய்விட்டது என்று நினைத்து, "கொஞ்சம் பொறுங்க கண்ணுங்களா" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முப்பது பிள்ளைகளும் ஒரே மூச்சாக "ஹா!" என்றார்கள். மறுபடி அண்ணாந்து பார்த்தார். ஒரே கறுப்பு. சுற்றிலும் பிள்ளைகள் "அங்க பாரு, அங்க பாரு" என்று ஒருத்தரை ஒருத்தர் இடிக்கிறார்கள். இவருக்கு ஆறு மணி மாமா உட்கார்ந்திருந்த சுவர் ஞாபகம் வந்தது.

அன்றையிலிருந்து பிள்ளைகள் போடுகிற அந்த "ஹா"வை வைத்துத்தான் வானம் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார். உருளையின் விளிம்பில் பசையைச் சொட்டுச் சொட்டாக வைத்துக் காயவிட்டார். ஒரு சொட்டு விரலில் பட்டால் துருவ நட்சத்திரம் நேர் எதிரே. இரண்டு சொட்டு என்றால் கார்த்திகைக் கூட்டம் வலது தோளுக்குமேல். ஒளிக்குச்சியை மனக்கணக்கில் நீட்டுவார். சில நாள் குறி தப்பும். "அங்க இல்ல மாமா! தள்ளி, தள்ளி!" என்று பிள்ளைகள் கத்தும். "உங்க கண்ணு சரியா இருக்கான்னு பார்த்தேன்டா" என்பார். பிள்ளைகள் கைதட்டும். அவருக்கு அந்தக் கைதட்டல் ஓய்கிறவரை மூச்சு வராது.

வீட்டிலும் இதே பாடுதான். அந்தி மயங்கினால் முழங்கால் வலி என்று உட்கார்ந்துவிடுவார். அப்படியும் ஒருநாள் வாசற்படியில் உருண்டார். மனைவி தூக்கிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "ஊர்ப்பட்ட பிள்ளைங்களுக்கு ஆகாசத்தக் காட்டற மனுஷன், சொந்த வீட்டுப் படியக் காணாம விழறாரே! யார்கிட்ட சொல்லிச் சிரிக்க?"

"யார்கிட்டயும் சொல்லாத" என்றார். அவள் அதையும் பகடி என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் தம்பிதான் வேன் ஓட்டுகிறவன். மோட்டாரும் அவன் பொறுப்பு. வாய் ஓயாத ஆள். அக்காள் புருஷன் மேல் உயிரையே வைத்திருக்கிறவன். அவனுக்குக்கூட இவர் மூச்சு விடவில்லை.

மைய அதிகாரி எழுதிக்கொடுத்த விதி ஒன்று உண்டு. பிள்ளைகளை உள்ளே விடும்போது தலையை எண்ணு. வெளியே வந்ததும் எண்ணு. கடைசியில் ஒருமுறை உள்ளே போய் டார்ச் அடித்துப் பார். அதற்கப்புறம்தான் மோட்டாரை நிறுத்து. தவழ்ந்து முண்டியடித்து வருகிற பிள்ளைகளை அந்த அரைவெளிச்சத்தில் எண்ண இவரால் முடியவில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். துணி கிழியாமல் இருக்கப் பிள்ளைகள் செருப்பு, ஷூவை வெளியே கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். அவற்றைச் சுவரோரம் வரிசையாக ஜோடி சேர்த்து வைக்கச் சொல்லி, பளிச்சென்ற வெளிச்சத்தில் நிதானமாக எண்ணுவார். கடைசியில் சுவரோரம் காலியாக இருந்தால் கூடாரமும் காலி. இரண்டு வருஷமாக ஒருநாளும் பிசகியதில்லை. "நல்ல யோசனையா இருக்கே" என்று அதிகாரியே முதுகில் தட்டினார்.

அது பிசகியது ஒருநாள் கடைசி வகுப்பில்தான். மூன்றாவது படிக்கிற பிள்ளைகள். அவர்களுடைய டீச்சர் ஒல்லியாக, குரல் மட்டும் கனமாக இருந்தாள். "முப்பத்தொம்பது பேர்" என்றாள்.

இவர் சுவரோரம் எண்ணினார். முப்பத்தெட்டு ஜோடி. மறுபடி எண்ணினார். முப்பத்தெட்டு. 'யாராவது வராத பிள்ளையையும் சேர்த்துச் சொல்லியிருப்பாள்' என்று நினைத்துக்கொண்டார். டீச்சரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், "உள்ள போய்த் தலையை எண்ணிப் பாருங்களேன்" என்பாள். உள்ளே போய் எதை எண்ணுவது? வாயை மூடிக்கொண்டு சுரங்கத்துக்குள் தவழ்ந்தார்.

காட்சி நன்றாகவே நடந்தது. "ஹா" வந்தது. சப்தரிஷி மண்டலம் சுற்றியது. சனிக்கு வளையம் எதற்கு என்று ஒரு வாண்டு கேட்க, "அது ஓடிட்டே இருக்குல்ல, வேட்டி அவிழ்ந்திடாம கட்டிவச்ச பெல்ட்டு" என்றார். கூடாரமே குலுங்கியது. பிறகு எது உண்மையோ அதையும் சொன்னார்.

முடிந்ததும் பிள்ளைகள் வெளியே தவழ்ந்தார்கள். இவர் உருளையைத் தாங்கியோடு தூக்கி வெளியே மச்சினனிடம் நீட்டினார். திரும்பி உள்ளே போய் மண்டியிட்டு டார்ச்சைப் போட்டார். வெளிச்சம் விழுந்த இடம் அவருக்கு ஒரு குழாய்க்குள் எட்டிப்பார்த்த மாதிரி, சாம்பலாக, காசளவு தெரிந்தது. விதிக்காக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தார். சுவரோரம் பார்த்தார். ஒரு செருப்புகூட இல்லை.

"நிறுத்திடு" என்றார்.

மச்சினன் மோட்டாரை நிறுத்தி, துணிக்குழாயின் கட்டை அவிழ்த்துச் சுருட்ட ஆரம்பித்தான். "மச்சான், நாளைக்குப் போற பள்ளிக்கூடத்துல எரநூறு பிள்ளைங்களாம். உங்க தொண்டைக்கு இப்பவே ஒத்தடம் குடுக்கச் சொல்லி அக்காகிட்ட சொல்லணும்" என்றான். கூடாரம் பெருமூச்சு விட்டது போலத் தளர்ந்தது. உச்சி குழிந்தது. பக்கங்கள் மடிந்து தரையில் சரிந்தன.

அப்போது வாசல் பக்கமிருந்து டீச்சர் குரல் வந்தது. "முப்பத்தெட்டுதான் இருக்கு. யாரு குறையறது?"

இவர் சட்டென்று திரும்பிக் காலியாகக் கிடந்த சுவரோரத்தைப் பார்த்தார்.

"பாத்ரூம் போயிருக்கும் டீச்சர்" என்றான் மச்சினன், குழாயைச் சுருட்டிக்கொண்டே.

"யாரும் அந்தப் பக்கம் போகலயே. நான் வாசல்லயே நிக்கறேன்."

"மோட்டாரைப் போடு" என்றார் இவர். குரல் அவருக்கே கேட்கவில்லை. "டேய், மோட்டாரைப் போடுடா!"

"குழாயக் கழட்டிட்டேன் மச்சான்!"

"மாட்டு! மாட்டிப் போடு!"

முடிச்சு போட்டுக் கட்டவே இரண்டு நிமிஷம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். காத்திருக்கக் கால் நிற்கவில்லை. சுரங்கம் அதற்குள் படிந்து தட்டையாகிவிட்டது. துணியைத் தலையால் முட்டித் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். முதுகில் துணி ஈரச் சாக்கு மாதிரி அழுத்தியது. உள்ளே பிள்ளைகள் விட்ட மூச்சின் சூடும், ரப்பர் வாடையும், தூசியும். வாயைத் திறந்தால் துணி வாய்க்குள் வந்தது.

"பாப்பா! பாப்பா, எங்கம்மா இருக்கே?"

பதில் இல்லை. டார்ச்சைப் போட்டார். போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான். அதை வீசிவிட்டு இரண்டு கையாலும் தரையைத் துழாவினார். இங்கே மடிப்பு. அங்கே மடிப்பு. ஒவ்வொரு மடிப்பும் ஒரு பிள்ளையின் உடம்பு மாதிரியே கையில் பட்டது. அமுக்கினால் வெறும் துணி. எத்தனை நிமிஷம் ஆயிற்று? ஒரு சின்னப் பிள்ளை எத்தனை நிமிஷம் தாங்கும்? எந்தப் பக்கம் வந்தோம், எந்தப் பக்கம் பார்க்காமல் விட்டோம் என்பதே மறந்துபோனது. பார்வை உள்ள ஒருத்தனை உள்ளே அனுப்பியிருக்கவேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. மச்சினனைக் கூப்பிடவேண்டும். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பான். அந்த நேரத்திலும் அந்த எண்ணம் வந்தது அவருக்கு. அதை நினைத்துப் பிற்பாடு அவர் ரொம்ப நாள் வெட்கப்பட்டார்.

அசையாமல் இருந்து காதைத் தீட்டினார். இடது பக்கம், ஓரத்தில், மூக்குறிஞ்சுகிற சத்தம். மிக மெல்லிசாக. அடக்கி அடக்கி.

அந்தப் பக்கம் பாய்ந்து கையை நீட்டினார். ஒரு சின்னப் பாதம் கையில் சிக்கியது. சூடாக இருந்தது. அதேநேரம் வெளியே மோட்டார் உறுமியது. முதுகின்மேல் இருந்த பாரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது. பாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவர்த்துணியில் இரண்டு தடவை முட்டிக்கொண்டு, மச்சினன் குரல் வந்த பக்கம் பார்த்து வெளியே வந்தார்.

எட்டு வயசுப் பெண்பிள்ளை. முகமெல்லாம் வேர்வை, முடி ஒட்டிக்கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு புது ஷூவையும் மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தது.

டீச்சர் ஓடிவந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கையாலேயே முதுகில் ஒன்று வைத்தாள். "எல்லாரும் வெளிய வரும்போது நீ மட்டும் உள்ள என்னடி பண்ணே? உசுரே போச்சு எனக்கு!"

பிள்ளை விக்கிக்கொண்டே சொன்னது: "புது ஷூ டீச்சர். வெளிய வச்சா தொலைஞ்சிடும். தொலைச்சிட்டு வந்தா வீட்டுக்குள்ளயே விடமாட்டேன்னு அம்மா சொன்னாங்க. பாவாடைக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போனேன். இருட்டுல ஒண்ணு உருண்டு போச்சு. தேடிட்டு இருந்தேன்."

"கூப்பிட்டிருக்க வேண்டியதுதானே? வாயில என்ன இருந்துச்சு?"

பிள்ளை இவரை நிமிர்ந்து பார்த்தது. பார்த்துவிட்டு டீச்சர் பின்னால் ஒளிந்துகொண்டது.

"அந்த மாமா டார்ச் அடிச்சாரு. என் மூஞ்சியப் பார்த்தாரு. நான் ஷூவோட உக்காந்திருந்தேன். பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டாரு. அப்புறம் மேல இருந்து துணி வந்து மூடிடுச்சு. ஷூ கொண்டு போனதுக்குத் தண்டனை போலன்னு நெனச்சேன். கத்தினா இன்னும் கோவம் வரும்னு சும்மா இருந்தேன்."

டீச்சர் பின்னால் ஒளிந்திருந்த பிள்ளையை முன்னால் இழுத்தாள்.

"பொய் சொல்லாதடி" என்றாள் டீச்சர். "பிள்ளையப் பார்த்துட்டு யாராச்சும் அப்படியே போவாங்களா?"

"நிஜமா டீச்சர். என் கண்ணு கூசிச்சு."

மச்சினன் முன்னால் வந்தான். "டீச்சர், எங்க மச்சான் எறும்ப மிதிச்சாலே திரும்பி நின்னு மன்னிப்பு கேக்கற ஆளு. பிள்ளை பயத்துல எதையோ உளறுது. ஷூவ எடுத்துட்டுப் போன தப்ப மறைக்கணும்ல? கதை கட்டுது."

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் டீச்சர். பிள்ளையின் காதைப் பிடித்தாள். "செய்யறதையும் செஞ்சிட்டு, பெரியவங்க மேல பழியா? மன்னிப்பு கேளு மாமாகிட்ட. கேளுடி!"

ஆக, அவருக்கு வழி திறந்துகிடந்தது. வாயைத் திறக்கக்கூட வேண்டாம். சும்மா நின்றாலே போதும். பிள்ளை பொய் சொல்லிற்று என்று ஆகிவிடும். நாளைக்கு இருநூறு பேர். பசைச் சொட்டு விரலில் படும். "ஹா" வரும். காது சிவக்கச் சிவக்க அந்தப் பிள்ளை அழாமல் அவரையே பார்த்தது. தான் பார்த்தது நிஜம்தானா என்று அதற்கே சந்தேகம் வந்துவிட்டது என்பது அதன் முகத்தில் தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் அவருக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"காதை விடுங்கம்மா" என்றார்.

டீச்சர் கேட்கவில்லை போல நின்றாள்.

"விடுங்க. பிள்ளை பொய் சொல்லல. டார்ச் அடிச்சேன். மூஞ்சியில பட்டிருக்கும். எனக்குத்தான் தெரியல. எனக்கு இருட்டுல கண்ணு தெரியாது."

மச்சினன் சிரிக்கிறமாதிரி வாயைத் திறந்தான். இவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். "என்ன மச்சான் சொல்றீங்க? கண்ணாடி போட்டா சரியாயிடுமே?"

"ஆகாதுடா. இது எங்க அம்மா வழிக் கண்ணு."

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் டீச்சர்.

"மூணு வருஷம்."

அவள் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மூணு வருஷமா இப்படித்தான் மோட்டார நிறுத்திட்டு இருந்தீங்களா?" திட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். அவள் கண் கூடாரத்தின்மேல் நின்றது. இத்தனை பள்ளிக்கூடம், இத்தனை வகுப்பு என்று அவள் மனசுக்குள் ஓடுவது அவருக்கும் ஓடியது. எந்த நாளிலாவது, எந்தப் பள்ளிக்கூடத்திலாவது, இதே மாதிரி ஒரு பிள்ளை டார்ச் வெளிச்சத்தில் கண்கூசி உட்கார்ந்திருந்து, தானாக ஓடி வெளியே வந்திருக்குமோ? வந்திருந்தால் நல்லது. யாரிடம் கேட்பது?

டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினாள். ஒவ்வொரு தலையிலும் கைவைத்து, சத்தம்போட்டு எண்ணினாள். முப்பத்தொன்பது. இவரும் கூடவே உதடசைத்து எண்ணினார். "பெரிய டீச்சர்கிட்ட நான் சொல்லித்தான் ஆகணும்" என்றாள்.

"சொல்லுங்க. மையத்துக்கு நானே சொல்லிடறேன்."

மச்சினன் மறுபடி குழாய்ப் பக்கம் போனான். நடை மாறியிருந்தது. கூடாரம் முழுசாக எழும்பி நின்றது, ஒன்றுமே நடக்காத மாதிரி. "நிறுத்திடவா?" என்றான்.

"நிறுத்தாத. உள்ள போய்ப் பாரு."

"அதான் முப்பத்தொம்பதும் வெளிய நிக்குதே மச்சான்."

"நீ போய்ப் பாரு."

அவன் தவழ்ந்து போனான். துணிக்குள் அவன் நகர்வது புடைப்பாகத் தெரிந்தது. "யாரும் இல்ல!" என்று கத்தினான்.

"ஓரத்துல பார்த்தியா? சுத்தி வந்தியா?"

"சுத்திட்டேன்."

"இன்னொரு தடவை சுத்து."

அவன் முணுமுணுக்கவில்லை. இன்னொரு சுற்று வந்தான். வெளியே வந்து, முழங்கால் தூசியைத் தட்டி, "யாருமே இல்ல மச்சான். என் பிள்ளைங்க மேல சத்தியம்" என்றான்.

இவர் மோட்டார் பக்கத்தில் போய்க் குந்தினார். கை சுவிட்சின்மேல் இருந்தது. அமுக்கத்தான் வேண்டும்; விரல் வளையவில்லை. துணிச்சுவர் காற்றில் லேசாக ஏறி இறங்கியது. அது ஏறி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் அவருக்கு உள்ளே யாரோ மூச்சு விடுவது போலவே இருந்தது.

டீச்சர் பிள்ளைகளை வாசலில் நிற்கவைத்துவிட்டு வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுரங்கத்துக்குள் குனிந்து தவழ்ந்து போனாள். கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தாள். வெளியே வந்து அவருக்கு நேரே நின்று, "நானும் பார்த்துட்டேன். இல்ல" என்றாள்.

பிறகு குனிந்து, சுவிட்சின்மேல் விறைத்துக்கிடந்த அவர் கையை மெதுவாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தானே நிறுத்தினாள்.